மூன்று முறை ‘ஓடிப்போன’ நோயாளி

கேஸ் ஷீட்டின் கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு சொல்: ‘அப்ஸ்காண்டட்’, ஓடிப்போனார். பக்கத்தில் தேதி, நேரம், டியூட்டி நர்ஸின் கையெழுத்து. 2024 ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் இந்த நோயாளிக்கு மூன்று கேஸ் ஷீட் போட்டார்கள். மூன்றும் அதே சொல்லில்தான் முடிந்தன.

சென்னையின் அரசு மருத்துவமனைகளில் காசநோயாளிகளோடு பேசுவதும், பாதியில் மருந்தை விட்டவர்களைத் தேடிப் போவதும் என் வேலை. இந்த நிகழ்வை அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவருக்கு வயது 46தான். ஆனால் வார்டில் எல்லோரும் ‘பெரியவர்’ என்றே கூப்பிட்டார்கள், பார்க்க அறுபதைத் தாண்டியவர் போல இருந்தார். நானும் அப்படியே சொல்கிறேன்.

வந்தபோது

செங்குன்றத்துக்கு வடக்கே ஒரு ஏரிக்கரைப் புறம்போக்கில் 11 குடிசைகள். அத்தனையும் இருளர் பழங்குடிக் குடும்பங்கள். பெரியவரை அங்கிருந்து ஷேர் ஆட்டோவிலும் பஸ்ஸிலுமாக நகரத்துக்குக் கூட்டி வந்தது அவருடைய மனைவி. எடை 34 கிலோ, உயரம் 158 செ.மீ. கணக்குப் போட்டால் உடல் நிறை குறியீடு 13.6. ரத்தத்தில் ஆக்சிஜன் 91 சதவீதம். நிமிடத்துக்கு 28 முறை மூச்சு வாங்கியது. சளியில் கிருமி இருந்தது. நல்லவேளையாக, முக்கியமான காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படும் வகை. சர்க்கரை இல்லை, எச்.ஐ.வி. இல்லை. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பகுதியில் ஒரு குழி.

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லா திட்டம்’ சொல்வது எளிமையான விஷயம். நோயைக் கண்டுபிடித்த உடனே எடை, மூச்சு, ஆக்சிஜன், உதவியில்லாமல் நிற்க முடிகிறதா என்று பார். மோசமாக இருந்தால் அன்றைக்கே அட்மிட் செய். காசநோயில் சாகிறவர்களில் நிறையப் பேர் முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே போய்விடுகிறார்கள் என்பதுதான் காரணம். பெரியவர் இதில் எல்லா வகையிலும் மாட்டினார். அவரை அட்மிட் செய்தது சரியான முடிவு, அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. அந்த நான்கு நாள் ஆக்சிஜன் இல்லாவிட்டால் இதை எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது.

மூன்றாம் நாள் நான் அவரிடம் அரை மணி நேரம் பேசினேன். என் பதிவேட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘கிருமி, தொற்று, ஆறு மாத மருந்தின் அவசியம் விளக்கப்பட்டது. நோயாளி புரிந்துகொண்டார்.’

நான்காம் நாள் ராத்திரி அவர் காணாமல் போனார்.

கேட்டுக்கு வெளியே

ஏன் போனார் என்று எனக்குத் தெரிய ஏப்ரல் ஆனது. அவருடைய மனைவி ஏரிக்கரையில் உட்கார்ந்து நண்டு கழுவிக்கொண்டே சொன்னார்:

“ராவு ஒம்போது மணிக்கு வாச்சுமேன் வந்து, பொம்பளைங்கல்லாம் வெளிய போங்கன்னுடுவான். எங்கம்மா போவேன்? பஸ்ஸு போர்டு படிக்கத் தெரியாது. கேட்டாண்டயே குந்தியிருந்தேன். மூணு ராவு. நாலாம் ராவு எவனோ குடிச்சிட்டு வந்து கையப் புடிச்சு இழுத்தான். நான் போட்ட சத்தம் மாடிக்குக் கேட்டுடுச்சு போல. இந்தாளு கையில ஊசியோட எறங்கி வந்துட்டாரு.”

ஆண்கள் வார்டில் ராத்திரி பெண்கள் தங்கக் கூடாது என்பது விதி. விதி தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் கூட ஆள் இல்லாமல் அட்மிஷன் இல்லை என்கிறார்கள், வந்த ஆள் பெண்ணாக இருந்தால் வெளியே அனுப்புகிறார்கள். அவர் எங்கே போய்ப் படுப்பார் என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான். அரை மணி நேரம் கிருமியைப் பற்றிப் பேசினேனே தவிர, “அக்கா எங்கண்ணே தூங்குறாங்க?” என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையில் மருந்து ஏற்றச் செருகிய வென்ஃப்ளான் ஊசியோடு அவர்கள் இருவரும் செங்குன்றம் வரை நடந்தே போயிருக்கிறார்கள். வீட்டுக்குப் போனதும் அதைப் பிடுங்கிப் போட்டது அவருடைய சின்னம்மா. அந்தக் கிழவியைப் பற்றிப் பிறகு வருகிறேன், இந்தக் கதையில் முக்கியமான ஆள் அவர்தான்.

கையிலிருந்த மாத்திரையை வீட்டில் மூன்று நாள் போட்டிருக்கிறார். ரிஃபாம்பிசின் போட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். முதல் நாளே சொல்ல வேண்டிய விஷயம் இது, அவருக்கு யாரும் சொல்லவில்லை. கிழவி அதைப் பார்த்துக் காமாலை என்று முடிவு செய்தார். மாத்திரையை நிறுத்தினார், கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார். யோசித்துப் பார்த்தால் அவர் செய்தது மடத்தனமே இல்லை. காசநோய் மருந்தால் கல்லீரல் கெட்டு நிஜமாகவே காமாலை வருவது உண்டு. அப்போது நாங்களும் முதலில் மாத்திரையைத்தான் நிறுத்துவோம்.

மாசி மகம்

பிப்ரவரி நடுவில் திரும்பவும் மூச்சு முட்டி வந்தார், திரும்பவும் அட்மிஷன். இந்த முறை மனைவிக்குப் பக்கத்தில் ஒரு காப்பகத்தில் இடம் பிடித்துக் கொடுத்தோம் (கேட் விஷயம் தெரிந்து செய்ததில்லை, தற்செயலாக அமைந்தது). எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. மாசி மகத்துக்கு இரண்டு நாள் முன்னால் படுக்கை காலி.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. சளியில் கிருமியோடு, ஆயிரக்கணக்கான பேர் கூடுகிற மாமல்லபுரம் கடற்கரைக்குப் போயிருக்கிறார்!

மாசி மகம் வட மாவட்ட இருளர்களுக்கு என்னவென்று தெரியாதவர்களுக்காக: செங்கல்பட்டு, திருவள்ளூர், காஞ்சிபுரம், விழுப்புரம் என்று பல பக்கத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். மணலில் குச்சி நட்டுப் புடவையைக் கட்டிக் கூடாரம் போடுவார்கள். கன்னியம்மனைக் கும்பிடுவார்கள். பெண் பார்ப்பது, கல்யாணம், மொட்டை, காதுகுத்து எல்லாம் அந்த மணலிலேயே நடக்கும். சிதறிக் கிடக்கும் சொந்தங்களை ஒரே இடத்தில் பார்க்கக் கிடைப்பது வருடத்தில் அந்த ஒரு தடவைதான்.

மார்ச்சில் அவர் மூன்றாவது முறையாக வந்தபோது, கோபத்தை அடக்கிக்கொண்டு ஒரு கேள்வி கேட்டேன். இந்த வேலைக்கு வந்து நான் கேட்ட உருப்படியான கேள்விகளில் அது ஒன்று. “இந்த நோவு எப்படிண்ணே வந்துச்சு? நீங்க என்ன நெனைக்கிறீங்க?”

“ரெண்டு வருசமா கன்னிமாருக்குப் போவல மேடம். கொறை வச்சிட்டேன். அதான் புடிச்சுக்கிச்சு.”

ஏன் போகவில்லை? ஒரு அரிசி ஆலையில் முன்பணம் வாங்கி வேலை செய்துகொண்டிருந்தார்கள். குடும்பத்தோடு வெளியே போக விட மாட்டார்கள், ஒருத்தர் போனால் இன்னொருத்தர் ஆலையில் இருக்க வேண்டும். ஒரே கொட்டடியில் ஐந்து குடும்பம். உமி அடுப்பின் புகை. காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை சோறு. அங்கே பக்கத்துப் பாயில் படுத்திருந்தவர் மாதக்கணக்காக இருமி, ரத்தம் கக்கிச் செத்துப்போனார். பெரியவருக்கு இருமல் பிடித்தது அடுத்த மழைக்காலத்தில்.

என் படிவத்தில் ‘தொற்றுத் தொடர்பு’ என்று ஒரு கட்டம் உண்டு. இரண்டு அட்மிஷனிலும் அதில் ‘தெரியவில்லை’ என்று எழுதியிருந்தேன். இரண்டு வருடம் கடலுக்குப் போகாதது அவர் சொன்ன காரணம். நெரிசல், புகை, பசி, பக்கத்துப் பாயில் நோயாளி என்பது நான் சொல்லக்கூடிய காரணம். இரண்டும் ஒரே இடத்தில், ஒரே இரண்டு வருடத்தில்தான் போய் நிற்கின்றன. சாமி குற்றம் என்று அவர் சொன்னதை மூடநம்பிக்கை என்று முதல் தடவையே தள்ளியிருந்தால் எனக்கு ஆலை விஷயம் தெரியவே தெரியாது. அவர் தானாக அதைச் சொல்லியிருக்க மாட்டார். அடைக்காத கடனைப் பற்றி வெளியாளிடம் பேசுகிற வழக்கம் அவருக்கு இல்லை.

கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. அதன்படி இப்படிப்பட்ட முன்பணம் கடனே இல்லை, திருப்பித் தர வேண்டியதில்லை. பெரியவரின் மைத்துனர் அந்தக் கடனை அடைக்க ஒரு சவுக்கு வெட்டு மேஸ்திரியிடம் 15,000 ரூபாய் வாங்கினார். அதாவது ஆலையிலிருந்து வெளியே வந்து தோப்புக்குள் போனார்கள்.

மூன்றாம் முறை

இதுதான் அதிக நாள் தங்கியது, ஒன்பது நாள். ஆனால் எடை 34இலிருந்து 33.5 ஆக இறங்கியது. உணவுப் பட்டியலில் தினமும் இரண்டு முட்டை ‘கொடுக்கப்பட்டது’ என்று டிக் போட்டிருந்தது. கொடுக்கத்தான் கொடுத்தார்கள். மனைவி ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து போகும்போது முட்டைகள் அவர் மடியில் ஏரிக்கரைக்குப் போய்விட்டன. அங்கே நான்கு வயதில் ஒரு பேரன் இருந்தான்.

வார்டில் ஒருவர் அவரை ‘பாம்புக்காரர்’ என்று கூப்பிட ஆரம்பித்து, அதுவே பெயராகிவிட்டது. பெரியவர் பாம்பு பிடித்ததே இல்லை. இந்த நகரத்துக்கு இருளர் என்றால் பாம்பு, அவ்வளவுதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் நஞ்சையும் எடுத்துத் தருகிறது. நாட்டில் பாம்புக்கடி மருந்து செய்யத் தேவையான நஞ்சில் பெரும்பங்கு அங்கிருந்துதான் போகிறது. 2023இல் இருளர் இருவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கீழே கேஷுவாலிட்டி ஃபிரிட்ஜில் அந்த மருந்து இருக்கிறது, மாடியில் அந்தப் பெயர் கிண்டலாகிறது.

ஒன்பதாம் நாள் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் இறந்தார். உறவினர் வரவில்லை என்று உடலைப் பிணவறைக்குக் கொண்டுபோனார்கள். அன்று மாலை பெரியவர் போய்விட்டார். இதற்கு விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

சேத்துப்பட்டில் ஏற்கெனவே கேட்ட கேள்வி

மூன்றாவது ‘அப்ஸ்காண்டட்’டுக்குப் பிறகு நடந்த கூட்டத்தில் ஒரு மூத்த மருத்துவர் கேட்டார்: “ஆக்சிஜன் இப்ப 96. அப்புறம் எதுக்கு அவரை இங்க கட்டி வைக்கணும்? இந்த ஊர்லதானே அதை நிரூபிச்சாங்க?”

அவர் சொன்னது சென்னை ஆய்வை. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் தொடங்கியது. இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம். சுத்தமான காற்று, நல்ல சாப்பாடு, நீண்ட ஓய்வு. அவ்வளவு கட்டில் நாட்டில் இல்லை. அதனால் நகரத்தின் ஏழை நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்துக்கும் மறுபாதியைத் தங்கள் வீட்டுக்கும் அனுப்பி, இருவருக்கும் ஒரே மருந்தை ஒரு வருடம் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் நெரிசலில் வாழ்ந்தார்கள், குறைவாகச் சாப்பிட்டார்கள், வேலையும் செய்தார்கள். ஆனாலும் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டாருக்கு அதனால் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. 1959இல் முடிவு வெளிவந்த பிறகு உலகம் முழுவதும் சானடோரியங்கள் மெல்ல மூடப்பட்டன.

அந்த ஆய்வை வைத்துக்கொண்டு 13.6 குறியீட்டில் இருப்பவரைச் சோறில்லாத வீட்டுக்கு அனுப்பலாம் என்று வாதிட முடியாது. சாப்பாட்டுக்கு வழி பண்ணியாக வேண்டும். அதற்கு வேறொரு ஆய்வு கையில் இருந்தது. ஜார்க்கண்டில் நடத்தி 2023இல் வெளியிட்டது, அதிலும் சேத்துப்பட்டு நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. அங்கே நோயாளிக்கு மட்டுமில்லாமல், ஒரு பகுதி வீடுகளில் குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரை கிலோ பருப்பும் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. இதைப் படித்தபோது எனக்கு மடியில் போன முட்டைதான் ஞாபகம் வந்தது. வீட்டில் ஆறு பேர் பசியோடு இருக்கும்போது ஒருவருக்கு மட்டும் கொடுக்கிற முட்டையை அவர் எப்படி விழுங்குவார்?

சின்னம்மா

வீட்டிலேயே சிகிச்சை என்றால் மருந்தைக் கண்காணிக்க ஓர் ஆள் வேண்டும். வழக்கமாக அது சுகாதாரப் பணியாளர். நாங்கள் கிழவியைக் கேட்டோம். எழுபது வயதிருக்கும், எழுதப் படிக்கத் தெரியாது. சுற்று வட்டாரத்தில் பிரசவம், விஷக்கடி, குழந்தைக்கு நோவு என்று எல்லாவற்றுக்கும் அவரிடம்தான் வருவார்கள். எங்களைத் திரும்பக் கேள்வி கேட்டார், ஒரு மணி நேரம். ஆரஞ்சு நிறம் ஏன்? அது காமாலை இல்லை என்று எப்படித் தெரியும்? கண்ணைப் பார்த்தா, நகத்தைப் பார்த்தா? வாந்தி வந்தால் மாத்திரை திரும்பவும் கொடுக்கலாமா? ஒரு டாக்டரிடம் இத்தனை கேள்வி கேட்ட நோயாளியை நான் பார்த்ததில்லை.

அவர் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: இருமலுக்கு ஆடாதொடைக் கஷாயத்தை விட மாட்டேன். டாக்டர் சிரித்துவிட்டுச் சரி என்றார். மருந்துக் கடையில் விற்கும் புரோம்ஹெக்சின் இருமல் மருந்தே ஆடாதொடையில் இருக்கும் வாசிசின் என்ற பொருளிலிருந்து வந்ததுதான். சளியை இளக்கும். காசநோயை அது குணப்படுத்திவிடாது என்பதையும் கிழவியிடம் மறைக்காமல் சொன்னோம். பதிலுக்கு எங்கள் நிபந்தனை: பெயர் சொல்லாத வேர் எதுவும் ஆறு மாதத்துக்குக் கூடாது, கல்லீரல் தாங்காது. ஒப்புக்கொண்டார்.

கன்னிமாருக்கு நட்ட ஏழு கல் குடிசைக்குப் பின்னால் இருக்கிறது. மாத்திரை அட்டையை அங்கே வைத்து, விடிந்ததும் அங்கிருந்து எடுத்துக் கொடுப்பார். சுவரில் கரிக்கோடு, நாளுக்கு ஒன்று. எனக்கு முதலில் உறுத்தியது. மருந்து பிரசாதமாகிவிடுமோ, சாமி உத்தரவு என்று ஒருநாள் நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்று. அப்படி எதுவும் நடக்கவில்லை. மாதக் கடைசியில் என் செயலியில் இருந்த கணக்கும் சுவரில் இருந்த கோடும் ஒத்துப்போனது. வித்தியாசம் வந்த ஒரே மாதத்தில் தப்பு என்னுடையது.

சாப்பாட்டுக்கு நண்பர்கள் சேர்ந்து ஆறு பேருக்கும் பருப்பு, எண்ணெய், வேர்க்கடலை, முட்டை வாங்கிக் கொடுத்தோம். அரசு தரும் ஊட்டச்சத்துப் பணம் அப்போது மாதம் 500 ரூபாய் (2024 நவம்பரில்தான் 1000 ஆனது). நோயாளியின் பதிவைச் சென்னையிலிருந்து திருவள்ளூர் மாவட்டத்துக்கு மாற்றவே மூன்று வாரம் பிடித்தது. அப்புறம் ஆதாரில் ஒரு பெயர், வங்கியில் ஒரு பெயர். முதல் தவணை வந்தபோது பாதிச் சிகிச்சை முடிந்திருந்தது.

என்னிடம் இருந்த உணவு அட்டையில் கோழி, மீன், பால் எல்லாம் படம் போட்டிருக்கும். வயல் எலி இல்லை, நத்தை இல்லை, ஈசல் இல்லை. அறுவடை முடிந்த வயலில் எலி வளையில் புகை போட்டுப் பிடித்து, தீயில் வாட்டிக் குழம்பு வைப்பார்கள். முகம் சுளிக்காமல் கேட்கக் கற்றுக்கொள்ள எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. மருந்து வைத்த வயலில் பிடிக்க மாட்டார்களா என்று கேட்டேன். “அந்த வயல்ல பருந்து எறங்காது, நாங்களும் எறங்க மாட்டோம்” என்றார் கிழவி. நன்றாக வேகட்டும் என்பதோடு டாக்டர் நிறுத்திக்கொண்டார்.

ஜூனில் எடை 39ஐத் தாண்டியது. எடை கூடியதால், தினம் இரண்டாக இருந்த மாத்திரை மூன்றானது. மாத்திரை கூடியதும் நோய் கூடிவிட்டது என்று வீடே சோர்ந்துபோனது. இந்த முறை கிழவி மருந்தை நிறுத்தவில்லை, எனக்குப் போன் போடச் சொன்னார்.

பேரனுக்கு நோய் இல்லை. தடுப்பு மருந்தாக ஐசோனியசிட் ஆறு மாதம் கொடுத்தோம். இரண்டாம் மாத முடிவிலும் கடைசியிலும் பெரியவரின் சளியில் கிருமி இல்லை. அக்டோபரில் எடை 43 கிலோ. பதிவில் ‘குணமடைந்தார்’ என்று மாற்றினேன்.

மேஸ்திரியிடம் வாங்கிய 15,000 அப்படியே இருந்தது. கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம் என்று இரண்டு முறை சொன்னேன். மைத்துனர் அங்கேதான் வேலை செய்கிறார், வேண்டாம் என்றார். நவம்பரில் பெரியவர் அரிவாளை எடுத்துக்கொண்டு சவுக்குத் தோப்புக்குப் போனார். அந்தக் கொட்டகையில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்று நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை.

2025 மாசி மகத்துக்கு என்னையும் வரச் சொன்னார்கள். மாமல்லபுரத்தில் இருட்டிய பிறகு, அத்தனை கூடாரங்களுக்கு நடுவே அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. பெரியவர் மணலில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார், இருமல் இல்லை. பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவியிடம், “நேரமாச்சே, தூங்கலையாக்கா?” என்றேன்.

“தூங்குறேன் மேடம், இன்னா அவசரம்? இங்க எந்த வாச்சுமேன் வந்து வெளிய போன்னு சொல்லப் போறான்?” என்று சொல்லிவிட்டு அவர் சிரித்த சத்தத்தில் பெரியவர் விழித்துக்கொண்டார்.